உப்புச் சாடி சொல்லும் செய்தி



உங்கள் வீட்டுச் சமையலறையில், அடுப்பிற்குச் சற்றுத் தள்ளி, ஓர் உப்புச் சாடி இருக்கும். சில நாள்களில் அதிலுள்ள கல்லுப்பு கலகலவென்று உதிர்கிறது. வேறு சில நாள்களிலோ, எவரும் ஒரு சொட்டு நீர் ஊற்றாதபோதும், உப்பு தானாகவே கசிந்து, சாடியின் அடியில் நீர் கோத்து நிற்கிறது. "உப்பு கசிகிறது, மழை வரும் போலிருக்கிறது" என்று நம் இல்லத்து மூத்த தாய்மார்கள் சொல்ல நாம் கேட்டிருக்கிறோம்.

அவர்கள் அறிந்தோ அறியாமலோ அந்தச் சாடியை ஒரு வானிலைக் கருவியாகவே பயன்படுத்தி வந்தனர். காற்றில் ஈரம் எவ்வளவு என்பதையே அந்தச் சாடி அவர்களுக்குச் சொல்லிற்று.

"இன்று வெயில் எத்தனை டிகிரி?" என்று நாம் எல்லோரும் கேட்கிறோம். "இன்று காற்றில் ஈரம் எவ்வளவு?" என்று கேட்பவர் மிகச் சிலரே. ஆனால் கடற்கரையோரம் வாழும் மக்களின் உடல்நலம், சில வேளைகளில் உயிரே கூட, முதல் கேள்வியைவிட இரண்டாவது கேள்வியின் விடையையே சார்ந்திருக்கிறது. அது ஏன் என்பதையும், அந்த ஈரத்தை எவ்வாறு அளக்கிறார்கள் என்பதையும், அதனை நீங்களே உங்கள் வீட்டில் எப்படி அளக்கலாம் என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

இதனை விளக்க உங்களை ஓர் ஊருக்கு அழைத்துச் செல்ல வேண்டும். அது உப்பு விளையும் ஊர்.

வெண்ணிற வயல்கள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரிக்குப் பயணம் செய்தவர்கள் மரக்காணத்தை மறந்திருக்க மாட்டார்கள். விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில், கழுவெளி ஏரியை அடுத்து, கண்ணுக்கெட்டிய தூரம் வரை பாத்தி பாத்தியாகப் பிரித்த உப்பளங்கள் விரிந்து கிடக்கும். ஆங்காங்கே வெள்ளைக் குன்றுகள் போல் உப்பு அம்பாரங்கள் தெரியும்.

அங்கே நடப்பது எளிய வேலைதான் எனத் தோன்றும். உவர் நீரைப் பாத்தியில் பாய்ச்சுகிறார்கள். கதிரவனும் காற்றும் அந்நீரை உலர்த்துகின்றன. ஒரு கிலோ கடல் நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. நீர் ஆவியாகி ஆவியாகி, ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும்போதுதான் சோற்றுப்பு படிகமாகத் தொடங்குகிறது. அதன்பின் தொழிலாளர்கள் பலகை கட்டிய நீண்ட கழியால் அதனை வாரிக் கரையேற்றுகிறார்கள்.

ஆகவே உப்பளம் வைத்திருப்பவர் விற்பது உப்பு என்றாலும், அவர் நம்பியிருப்பது காற்றின் வறட்சியைத்தான். மேற்கிலிருந்து நிலத்தைக் கடந்து வீசும் கோடைக் காற்று வறண்டது. பாத்தியை விரைவில் உலர்த்தும். கிழக்கிலிருந்து கடலைக் கடந்து வரும் கொண்டல் காற்று குளிர்ச்சியானது; ஆனால் ஈரத்தைச் சுமந்து வருவது. உப்பு விளைச்சலைச் சுணங்க வைக்கும் அந்த ஈரம், உப்பு வாருகிறவரின் உடலையும் வாட்டுகிறது என்பதுதான் நாம் அறிய வேண்டிய செய்தி. அதற்குமுன் காற்றின் ஈரம் என்பது என்ன என்று பார்ப்போம்.

ஓர் அறையில் ஒரு லிட்டர் நீர்

நீங்கள் அமர்ந்திருக்கும் அறை 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் உடையது என்று கொள்ளுங்கள். அறையின் வெப்பநிலை 30 டிகிரி செல்சியஸ். அந்த அறையின் காற்றில் கண்ணுக்குத் தெரியாத ஆவியாக எவ்வளவு நீர் தங்க முடியும்? ஏறத்தாழ ஒரு லிட்டர்! ஒரு குடிநீர்ப் போத்தல் அளவுள்ள நீர் உங்களைச் சுற்றி ஆவியாக மிதக்கக் கூடும்.

அதற்கு மேலும் ஆவி சேர்ந்தால் காற்று ஏற்றுக்கொள்ளாது. விருந்தில் வயிறு நிறைந்தவருக்கு அதற்குமேல் இனிப்பு தெவிட்டுவது போல, காற்றுக்கும் ஒரு தெவிட்டு நிலை உண்டு. அதனைக் கடந்த ஆவி நீர்த்துளியாக மாறிவிடும்.

இந்த எல்லை வெப்பத்திற்கேற்ப மாறும் என்பதே இங்குள்ள நுட்பம். ஒரு கன மீட்டர் காற்றில், 10 டிகிரியில் ஏறத்தாழ 9 கிராம் ஆவி தங்கும். 20 டிகிரியில் 17 கிராம், 30 டிகிரியில் 30 கிராம், 40 டிகிரியில் 51 கிராம் தங்கும். வெப்பநிலை ஒவ்வொரு டிகிரி உயரும்போதும் இந்த எல்லை சுமார் 6 விழுக்காடு விரிகிறது.

இப்போது காற்றில் உண்மையாக இருக்கும் ஆவி, அதே வெப்பநிலையில் தங்கக்கூடிய முழு அளவில் நூற்றுக்கு எத்தனை பங்கு என்று கணக்கிட்டுச் சொல்வதே 'ஒப்பு ஈரப்பதம்'. வானிலை அறிக்கையில் "ஈரப்பதம் 75 விழுக்காடு" என்று படிக்கப்படுவது இதுதான்.

இந்த எண்ணில் ஒரு மயக்கமும் உண்டு. விடியற்காலையில் வெப்பநிலை 25 டிகிரி. ஈரப்பதம் 94 விழுக்காடு. பிற்பகலில் வெப்பநிலை 35 டிகிரி. ஈரப்பதம் 53 விழுக்காடு. காற்று பாதிக்குப் பாதி உலர்ந்துவிட்டது என்றுதானே நினைக்கத் தோன்றும்? இல்லை. இவ்விரு வேளைகளிலும் காற்றிலுள்ள ஆவியின் அழுத்தம் ஒன்றேதான். பாத்திரம் பெரிதானதால் நீர் குறைந்தது போல் தோன்றுகிறது, அவ்வளவே. எனவேதான் இந்திய வானிலை ஆய்வுத் துறை ஈரப்பதத்தைக் காலை 8.30 மணிக்கும் மாலை 5.30 மணிக்கும் அளந்து, வேளையைக் குறித்தே வெளியிடுகிறது.

இம்மயக்கம் இல்லாத வேறோர் அளவும் உண்டு. காற்றைக் குளிர வைத்துக்கொண்டே போனால் ஒரு நிலையில் அது தெவிட்டிப் பனித்துளி தோன்றும். அந்த வெப்பநிலைக்குப் 'பனிநிலை' என்று பெயர். மேலே கூறிய நாளில் காலையிலும் மாலையிலும் பனிநிலை 24 டிகிரியே. குளிர்ந்த சர்பத் குவளையின் வெளிப்புறம் வியர்ப்பதும் இதனால்தான். குவளையின் புறச்சுவர் பனிநிலைக்குக் கீழே குளிர்ந்துவிட்டது. அதனைத் தொட்ட காற்றிலுள்ள ஆவி நீராயிற்று.

தலைமுடியும் மஸ்லின் துணியும்

கண்ணுக்குத் தெரியாத இந்த ஆவியை எப்படி அளப்பது? மனிதன் இதற்கென முதலில் நாடியவை அன்றாடப் பொருள்களே. ஈரத்தில் பஞ்சும் கம்பளியும் கனக்கும் என்பதை அறிந்தோர், அவற்றைத் தராசில் இட்டுப் பார்க்கலாம் என 15 ஆம் நூற்றாண்டிலேயே எண்ணினர். 1783 ஆம் ஆண்டில் ஜெனீவா நகரத்து அறிஞர் சொசூர், எண்ணெய்ப் பசை நீக்கிய மனிதத் தலைமுடியைக் கொண்டு ஈரமானி செய்த முறையை நூலாக வெளியிட்டார். வறண்ட காற்றிலிருந்து தெவிட்டிய காற்றுக்கு மாறும்போது தலைமுடி தன் நீளத்தில் ஏறத்தாழ இரண்டரை விழுக்காடு நீள்கிறது. அந்தச் சிறு நீட்சி ஒரு முள்ளை நகர்த்தும். மழைக்காலத்தில் கூந்தல் அடங்காமல் சிலிர்ப்பதைக் காணும் நம் சகோதரிகளுக்கு இது வியப்பளிக்காது. 1820 இல் ஆங்கிலேயரான டேனியல், கண்ணாடிக் குமிழைக் குளிரவைத்துப் பனி படியும் வெப்பநிலையை நேரே காணும் கருவியை அமைத்தார்.

ஆயினும் உலகெங்கும் வானிலை நிலையங்களில் நிலைபெற்றது அதனினும் எளிய முறை. பெர்லினைச் சேர்ந்த ஆகஸ்ட் என்பார் 1820களில் அதனைச் செம்மைப்படுத்தினார். அருகருகே இரண்டு வெப்பமானிகள். ஒன்று வெறுமனே தொங்கும், அதுவே உலர்குமிழ். மற்றொன்றின் குமிழை மெல்லிய மஸ்லின் துணி போர்த்தியிருக்கும். துணியின் திரி ஒரு சிறு நீர்க்கிண்ணத்தில் தோய்ந்திருக்கும். அதுவே ஈரக்குமிழ்.

துணியிலுள்ள நீர் உலரும்போது வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஆதலால் ஈரக்குமிழ் குறைவான வெப்பத்தைக் காட்டும். காற்று வறண்டிருந்தால் நீர் விரைந்து உலரும். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெரிதாகும். காற்று ஈரமாக இருந்தால் வேறுபாடு சிறுக்கும். காற்று தெவிட்டிவிட்டாலோ இரண்டும் ஒரே அளவைக் காட்டும். இந்த வேறுபாட்டை அட்டவணையில் வைத்துப் பார்த்தால் ஈரப்பதம் கிடைத்துவிடும். ஈராக்கின் மோசூல் நகரத்தின் பெயரால் வழங்கப்பட்டதென்பர் மஸ்லினை. டாக்கா நெசவாளர்களால் உலகப் புகழ் பெற்ற அத்துணி, அறிவியலுக்கும் இவ்வாறு பணி செய்கிறது.

இக்கருவிகளை வெயிலில் வைத்தால் கதிரவனின் சூட்டையே அளக்க நேரும். எனவே பலகணிச் சட்டங்கள் போன்ற பக்கங்களை உடைய வெள்ளை மரப் பெட்டிக்குள், தரையிலிருந்து நான்கடி உயர அளவில், கதவு வடக்கு நோக்கி இருக்குமாறு வைக்கிறார்கள். 19 ஆம் நூற்றாண்டில் இப்பெட்டியை வகுத்த தாமஸ் ஸ்டீவன்சனின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792 இல் எழுந்த வானாய்வுக் கூடத்தின் வளாகத்தில்தான் இன்றைய மண்டல வானிலை ஆய்வு மையம் இயங்குகிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறை 1875 இல் நிறுவப்பட்டது.

கடலோர நிலையங்களில் ஒரு சிறப்புக் கவனம் தேவை. உப்புக் காற்றால் மஸ்லின் துணியில் உப்புப் படியும். உப்பு ஏறிய துணி எளிதில் உலராது. கருவி பொய் சொல்லத் தொடங்கும். ஆகவே அங்கே துணியை அடிக்கடி மாற்ற வேண்டும். திரிக்குத் தூய வாலைவடி நீரே ஊற்ற வேண்டும்.

இந்நாளில் மின்னணு ஈரமானிகள் வந்துவிட்டன. ஈரத்தை உறிஞ்சும் மெல்லிய படலம் ஒன்று, தன்னில் சேர்ந்த ஈரத்திற்கேற்ப மின்னேற்பை மாற்றிக் காட்டும். 1970களில் பின்லாந்து நாட்டில் உருவான இம்முறையே இன்று தானியங்கி நிலையங்களிலும், கடைகளில் விற்கும் சிறு கருவிகளிலும் உள்ளது. சென்னை, காரைக்கால் போன்ற இடங்களிலிருந்து பலூன்களில் கட்டி விண்ணுக்கு அனுப்பும் கருவிப் பெட்டிகளும் இவ்வாறே மேல்வானத்தின் ஈரத்தை அளந்து வானொலி அலையில் தெரிவிக்கின்றன. புயல் முன்னறிவிப்புக்கு இது இன்றியமையாதது. ஏனெனில் ஆவி நீராகும்போது வெளிவிடும் வெப்பமே புயலின் உணவு. 2024 நவம்பர் 30 ஆம் நாள் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயல், ஒரே நாளில் அந்நகரில் 40 சென்டிமீட்டருக்கும் மிகுதியாக மழை கொட்டியது. அத்தனை நீரும் கடல்மேல் வீசிய காற்று கண்ணுக்குத் தெரியாமல் சுமந்து வந்ததுதான்.

75 என்னும் எண்

இப்போது மரக்காணத்து உப்பளத்திற்கும் நம் உப்புச் சாடிக்கும் திரும்புவோம். உப்பு முற்றிய நீர், தூய நீரைப் போல் எளிதில் ஆவியாகாது. அதன் ஆவியழுத்தம் தூய நீரினதில் ஏறத்தாழ முக்கால் பங்கே. ஆகையால் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொட்டால், காற்றின் வெப்பநிலையிலேயே இருக்கும் முற்றிய உப்புநீர் உலர்வதை நிறுத்திவிடும். அதனைக் கடந்தால் காற்றிலிருந்து நீரை அது திரும்ப வாங்கிக்கொள்ளும். பகலில் வெயில் பாத்தி நீரைக் காற்றைவிடச் சூடாக்குவதால் தொழில் நடக்கிறது. இரவில் ஈரம் ஏறும்போது தொழில் நின்றுவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டாலோ, பாத்திகளே நீரில் மூழ்கிவிடும்.

சாடியில் நடப்பதும் அதுவே. ஈரப்பதம் 75ஐக் கடந்த நாளில் சோற்றுப்பு காற்றின் ஈரத்தை ஈர்த்துக் கசியும். கல்லுப்பில் சிறிதளவு கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதற்கு முன்னதாகவே கசியத் தொடங்கும். "உப்பு கசிகிறது" என்ற மூத்தோர் சொல் ஈரப்பதத்தின் அளவைக் குறித்த சொல்லே என்பது இப்போது விளங்குகிறதன்றோ?

உலராத வியர்வை

இனி நம் உடலுக்கு வருவோம். மனித உடலும் ஓர் ஈரக்குமிழ் வெப்பமானியே. மஸ்லின் துணியின் இடத்தில் வியர்வை படிந்த தோல் இருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலிலேயே உலர்ந்தால், உடலிலிருந்து ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வெளியேறுகிறது. ஆனால் உலராமல் சொட்டி விழும் வியர்வையால் பயனேதும் இல்லை. உடல் நீரையும் உப்பையும் இழந்ததுதான் மிச்சம்.

இரு நாள்களை ஒப்பிட்டுப் பாருங்கள். உள்நாட்டு ஊர் ஒன்றில் வெப்பம் 40 டிகிரி. ஈரக்குமிழ் காட்டுவது 26. வேறுபாடு 14, ஈரப்பதம் ஏறத்தாழ 33 விழுக்காடு. கடலோர ஊர் ஒன்றில் வெப்பம் 33 டிகிரிதான். ஆனால் ஈரக்குமிழ் காட்டுவது 29. வேறுபாடு வெறும் 4. ஈரப்பதம் ஏறத்தாழ 74 விழுக்காடு. வெப்பமானியை மட்டும் பார்ப்பவர் முதல் ஊருக்காக அஞ்சுவார். இரண்டாம் ஊரில் வேலைக்குப் போகலாம் என்பார். ஆனால் வியர்வை உலர்ந்து உடல் ஆறுவது இரண்டாம் ஊரில்தான் கடினம். நாம் 'புழுக்கம்' என்ற ஒரே சொல்லில் குறிப்பிடுவது இதனைத்தான்.

ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியை எட்டினால், நிழலில் சும்மா இருக்கும் நலமுள்ள மனிதரும் சில மணி நேரத்திற்கு மேல் தாங்க இயலாது என்று 2010 இல் வெளியான ஆய்வொன்று கணக்கிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இளைஞர்களை வைத்துச் சோதித்து 2022 இல் வெளியிட்ட ஆய்வோ, ஈரமான காற்றில் 30, 31 டிகிரி ஈரக்குமிழ் அளவிலேயே உடல் தன் வெப்பத்தைக் கட்டுப்படுத்த இயலாமல் போவதைக் காட்டியது. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் இந்த எல்லை இன்னும் தாழ்வானது. மேலே நாம் கண்ட 29 இந்த எல்லைக்கு எவ்வளவு அருகில் உள்ளது பாருங்கள்!

உழைப்போரின் பாதுகாப்பிற்காக உலகெங்கும் கையாளும் ஓர் அளவுமுறை 1950களில் அமெரிக்கப் படைவீரர்களின் பயிற்சிக் களங்களில் பிறந்தது. அதில் பத்துப் பங்கில் ஏழு பங்கு ஈரக்குமிழுக்கு உரியது. இரண்டு பங்கு, வெயிலின் கதிர்ச்சூட்டை வாங்கும் கறுப்புக் கோளத்திற்கு உரியது. நாமெல்லாம் கேட்கும் சாதாரண வெப்பமானிக்கு எஞ்சியது ஒரே பங்குதான்.

இந்த இரண்டு பங்குக் கதிர்ச்சூட்டை நிழலால் தணிக்கலாம். மரக்காணத்திலிருந்து தெற்கே சென்றால், புதுச்சேரிக்குச் சற்று முன்னர் ஆரோவில் உள்ளது. 1968 இல் அது தொடங்கப்பட்டபோது மண் அரித்த செம்மண் மேடாக இருந்த நிலத்தில், பல்லாண்டுகளாக மரம் நட்டுக் காடு வளர்த்துள்ளனர். அங்கே நிழலில் நிற்பவருக்கு வெயிலின் தாக்கு குறைகிறது. ஆனால் இலைகள் விடும் ஆவி காற்றின் ஈரத்தைக் குறைப்பதில்லை. மரம் தருவது முதன்மையாக நிழல் என்னும் கொடையே. உப்பளத் தொழிலாளிக்கோ அதுவும் இல்லை. உவர் மண்ணில் மரம் வளராது. நிழல் விழுந்தால் உப்பும் விளையாது. மேலே வெயில், கீழே வெண்ணுப்பு எதிரொளிக்கும் வெயில், கடலிலிருந்து வரும் ஈரக்காற்று. இம்மூன்றுக்கும் நடுவே நின்று அவர் உழைக்கிறார்.

சென்னையிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்து ஆய்வாளர்கள், தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 350க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை ஆராய்ந்து 2023 இல் முடிவுகளை வெளியிட்டனர். பத்தில் ஒன்பது பேர் அளவிலானோர் பாதுகாப்பு எல்லையை மீறிய வெப்பத்தில் உழைத்தனர். சிலரிடம் சிறுநீரகப் பாதிப்பின் அடையாளங்களும் தென்பட்டன. வேலையிடத்தில் கழிப்பிடம் இல்லாததால் நீர் அருந்தாமலே பகலைக் கழிக்கும் பெண்களின் நிலை இன்னும் துயரமானது. நம் சாடியில் இருக்கும் உப்பு இவர்களின் வியர்வையைக் கடந்து வந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

கடலோரத்தில் 37 டிகிரியையும், சமவெளியில் 40 டிகிரியையும் வெப்பம் எட்டி, வழக்கமான அளவையும் வெகுவாக மீறினால்தான் அது 'வெப்ப அலை' என்று வானிலைத் துறை வகுத்துள்ளது. இந்த வரையறையில் ஈரத்திற்கு இடமில்லை. இக்குறையை உணர்ந்தே, வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்துக் கணக்கிடும் வெப்பக் குறியீட்டை 2023 முதல் சோதனை முறையில் அத்துறை வெளியிடத் தொடங்கியது. தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. எனினும் 33 டிகிரிப் புழுக்கத்தில் மயங்கி விழும் தொழிலாளியின் துயரம் எந்தக் கணக்கில் ஏறும் என்பது சிந்திக்கத்தக்கது.

ஹஜ் செல்வோர் கவனத்திற்கு

கடலோர ஊர்களிலிருந்து ஹஜ் பயணம் செல்லும் பெரியோர்களுக்கு இவ்வறிவு ஒரு தனிப் பயனைத் தரும். நாம் சட்டை நனைவதைக் கொண்டே வெப்பத்தை மதிப்பிட்டுப் பழகியவர்கள். ஜித்தாவில் இறங்கும்போது அந்தப் பழக்கம் செல்லும். அதுவும் நம்முடையது போன்ற ஈரக்கடற்கரையே. ஆனால் மக்காவிலும் மினாவிலும் அரஃபாத்திலும் கோடைக் காற்று மிகவும் வறண்டது. அங்கே வியர்வை தோன்றிய கணமே உலர்ந்துவிடும். "வியர்க்கவே இல்லையே, எனக்கு ஒன்றுமில்லை" என்று எண்ணியிருக்கும்போதே உடலிலுள்ள நீர் வற்றிப்போகும்.

2024 ஜூன் ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 பேர் இறந்தனர் என்று சவூதி அரசு அறிவித்தது. அவர்களுள் பெரும்பாலோர் உரிய அனுமதியின்றிச் சென்று, தங்கும் நிழலின்றி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். எனவே அங்கே தாகத்திற்காகக் காத்திராமல் நேரம் வைத்து நீர் அருந்த வேண்டும். குடை பிடிக்க வேண்டும். அங்குத் தூவப்படும் நீர்த்திவலைகள் நன்கு குளிர்ச்சி தருவதும் அந்தக் காற்று வறண்டது என்பதனால்தான்.

வீட்டிலேயே அளக்கலாம்

இதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டாம். பள்ளி ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடையில் சாராயம் நிரப்பிய ஒரே வகை வெப்பமானிகள் இரண்டு வாங்குங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி இதற்கு உதவாது. ஒன்றின் குமிழில் தூய மஸ்லின் அல்லது மெல்லிய வெள்ளைப் பருத்தித் துணியைச் சுற்றி, திரியாக நீட்டி, சிறு கிண்ணத்து நீரில் விடுங்கள். வெயில் படாத இடத்தில் இரண்டையும் தொங்கவிட்டு, ஐந்து நிமிடம் விசிறுங்கள். பின்னர் படியுங்கள்.

உலர்குமிழ் 30 காட்டும்போது, ஈரக்குமிழ் 28 காட்டினால் ஈரப்பதம் 86 விழுக்காடு. 26 காட்டினால் 73. 24 காட்டினால் 61. 20 காட்டினால் 39. ஈரக்குமிழ் 26ஐத் தாண்டினால் சாடியில் உப்பு கசியும் நாள் அது என்று அறியலாம். பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு மாதம் எழுதிவரச் செய்யுங்கள். பாடப்புத்தகம் கற்பிக்காததைக் கற்பார்கள்.

கடையில் மின்னணு ஈரமானி வாங்கியிருந்தால், அது மெய் சொல்கிறதா என்று சோதிக்கவும் உப்பே போதும். ஒரு சிறு மூடியில் பொடியுப்பை இட்டு, சில சொட்டு நீர் விட்டுச் சேறு போல் குழைத்து, ஈரமானியுடன் சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் அது 75 காட்ட வேண்டும். ஆய்வுக்கூடங்களிலும் ஈரமானிகளைச் சரிபார்க்க உப்புக் கரைசல்களையே கையாளுகிறார்கள்.

இந்த எண்களைக் கொண்டு செய்ய வேண்டியவை சில:

நீரை ஆவியாக்கிக் குளிரூட்டும் ஏர்கூலர், ஈரக்குமிழின் அளவிற்குக் கீழே காற்றைக் குளிர்விக்க இயலாது. மண்பானை நீருக்கும் இதே விதி. உள்நாட்டு வறண்ட ஊரில் பயன்தரும் ஏர்கூலர், கடலோர வீட்டில் புழுக்கத்தையே கூட்டும். வாங்குமுன் இரண்டு வெப்பமானிகளையும் பாருங்கள்.

புழுக்கம் மிகுந்த நாளில் சாளரங்களைத் திறந்து காற்றோட்டம் உண்டாக்குங்கள். துணியை வீட்டிற்குள் உலர்த்தாதீர்கள். உடலை நனைத்து மின்விசிறியின் கீழ் அமருங்கள். ஆனால் அறை வெப்பம் 40 டிகிரியைக் கடந்தால் மின்விசிறி உடலைச் சூடாக்கவே செய்யும்.

இரண்டு வெப்பமானிகளின் வேறுபாடு நான்கிற்குக் கீழே இறங்கி, ஈரக்குமிழும் 28, 29 என்று ஏறிவிட்டால், வீட்டிலுள்ள முதியோரையும் கைக்குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அடிக்கடி கவனியுங்கள். வீட்டில் வேலை செய்ய வருவோர்க்கும், கட்டட வேலை செய்வோர்க்கும், சுமை தூக்குவோர்க்கும் கடின வேலையை அதிகாலைக்கு மாற்றிக் கொடுங்கள். நிழலில் ஓய்வும் அருந்த நீரும் கொடுங்கள். ஒருவர் குழப்பமாகப் பேசினாலோ, தள்ளாடினாலோ, உடல் அனலாய்க் கொதித்து மயங்கினாலோ, உடனே 108க்கு அழைத்துவிட்டு, நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீர் ஊற்றி விசிறுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் நீர் ஊற்றலாகாது.

வாசகர்களே! நாளை காலை சமையலறைக்குச் சென்றதும் உப்புச் சாடியைத் திறந்து பாருங்கள். உப்பு உதிர்ந்தால் மரக்காணத்துப் பாத்தியும் உலரும். உங்கள் வியர்வையும் உலரும். உப்பு கசிந்திருந்தால், வெப்பமானி எவ்வளவு குறைவாகக் காட்டினாலும், அன்று வெயிலில் உழைப்பவரின் உடலில் வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்கக்கூடும் என்று உணருங்கள். அன்று உங்கள் வாசலுக்கு வருபவர் தபால்காரரானாலும், மீன் விற்பவரானாலும், அவர் கேட்குமுன் ஒரு குவளை நீரை எடுத்துக் கொடுங்கள்.